மூஞ்சூறு வாங்கிய மேகம்

பெப்ரவரி 6

இன்று தரம் நான்கில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பலகையில் இரண்டு பெயர் எழுதினேன். புளும்பான். கிச்சிரி. இரண்டும் உலகத்தில் எங்கேயும் இல்லாத பிராணிகள். நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது வாயில் வந்த பெயர்கள். எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வரையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அத்தனை பேரும் புளும்பானுக்கு வயிறு வைத்திருந்தார்கள். கிச்சிரிக்கு ஒல்லிக் கால், கூர் மூக்கு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வரைந்திருப்பார்களோ என்று தரம் ஐந்திலும் கேட்டேன். அங்கேயும் அதே வயிறு.

அந்த வயிறு எங்கே இருந்தது? 'பு'விலா, 'ளு'விலா? பதினொரு வருஷமாக இந்த நரிக்கல் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். அதற்கும் முன்பிருந்தே அர்த்தமில்லாத பாட்டு எழுதிப் படம் போடுகிறேன். இன்றைக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது.

பெப்ரவரி 19

காலையில் ஒன்று வந்தது. பல் தேய்க்கும்போது.

ஆட்டுக்கல்லுக்கு ஜலதோஷம்
அம்மிக்கு அதனால் சந்தோஷம்
தும்மும்போதெல்லாம் தோசை வரும்
தொட்டுக்க மட்டும் ஆசை வரும்.

ஜூட்சனுக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அக்கரப்பத்தனை பஜாரில் கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போன் ரீலோட், பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் நடக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. சிரித்துவிட்டு, "ஆட்டுக்கல்லுக்கு எப்படி அனோ ஜலதோஷம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"மழையில நனைஞ்சு."

"ஆ, சரி" என்றார். உண்மையிலேயே சரி என்றுதான் சொன்னார். அதற்காகவே இவரைக் கட்டினேன் என்று சில நேரம் நினைப்பேன்.

மார்ச் 3

ஞாயிறு. பூசை முடிந்து வந்து மத்தியானம் முழுக்க ஒரு மூஞ்சூறு வரைந்தேன். காற்சட்டை, கோட்டு, சட்டைக் காலருக்குப் பின்னால் தொங்கும் குடை. முகம் எதையோ கேட்டது. மீசை வைத்தேன். போதவில்லை. மைப்போத்தலைத் திறந்து மீசையைக் கறுப்பாக்கினேன். உடனே பாட்டு வந்தது.

மீசைக்கு மைபோட்ட மூஞ்சூறு
மேகத்தில் வாங்கிச்சு மூணு கூறு
ஒரு கூறைப் பொரிச்சது
ஒரு கூறை விரிச்சது
ஒரு கூறு மழையாகிப் போச்சு, பாரு!

சந்தையில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்பார்களே, நெத்தலி, கத்தரிக்காய் — அப்படி மேகத்தையும் கூறு கட்டி ஒருத்தர் விற்கிறார். இதுதான் என் கண்ணில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

மார்ச் 22

ஜூட்சன் என் பாட்டுக்களையும் படங்களையும் சின்னப் புத்தகமாக அடித்துவிட்டார். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி. அட்டையில் மூஞ்சூறு. கடை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார். ரீலோட் போட வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உள்ளே அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்துக்கு எந்தச் சிரிப்பு என்று ஊகிக்கப் பார்த்தேன்.

ஏப்ரல் 2

கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் மூஞ்சூறுப் பாட்டைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். ஆட்டுக்கல்லை யாரும் சொல்வதில்லையாம். ஏன்? ஆட்டுக்கல்தானே நல்ல பாட்டு.

ஏப்ரல் 5

காரணம் தெரிந்துவிட்டது.

கணக்குப் படிப்பிக்கிற பிரியந்தி டீச்சர் இடைவேளையில் என்னை மூலைக்கு இழுத்துப்போனார். "உங்களுக்குச் சரியான தைரியம்ங்க" என்றார்.

"எதுக்கு?"

"நடிக்காதீங்க டீச்சர். தலைவரைப் பத்தி இவ்வளவு நாளா யாருமே வாயத் தொறக்கல."

தலைவர் என்றால் ஆண்டியப்பன். தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் ஆள். போன வருஷம் மேல்பிரிவில் தனிவீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் அளவில் காணி பிரித்தார்கள். பிரித்ததை அளந்து கொடுத்தது அவர் முன்னிலையில். அதில் சில துண்டுகளை அவர் சொந்தக்காரர் பெயரில் வைத்துக்கொண்டார் என்று லயத்து வரிசை வீடுகளில் பேச்சாம். மூன்று துண்டு என்பது ஊர்க் கணக்கு.

கூறு. நான் நெத்தலியை நினைத்தேன். அவர்கள் காதில் காணி விழுந்திருக்கிறது.

"மீசை?" என்றேன்.

பிரியந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவரு பொங்கலுக்கு மீசைக்கு டை அடிச்சாரே. தோட்டமே பாத்துச்சே."

நான் பார்க்கவில்லை. பஜாரில் இருக்கிறேன், லயத்துப் பேச்சு எனக்கு வருவதில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். படத்தில் முகம் கேட்டதால்தான் மீசை வைத்தேன், மோனைக்குத்தான் மூணு. ஆனால் பொங்கல் விழாவில் அவர் முன்வரிசையில் இருந்தார். நான் மேடையில் நின்று கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்தேன். கண் போயிருக்காதா? கண் பார்த்ததைக் கை வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லாமல் இருந்ததா?

பயத்தைவிட இதுதான் இன்று முழுக்க என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஏப்ரல் 27

ஹட்டனில் ஒரு வாசகர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 'அங்கதக் கவிஞர் அனோஜா ஜூட்சன்' என்று பெனர் கட்டியிருந்தார்கள். ஒருவர் மூஞ்சூற்றை அரை மணி நேரம் விளக்கினார். பொரித்த கூறு சுரண்டலாம். விரித்த கூறு அதிகாரமாம். மழையாகிப் போனது மக்களின் கண்ணீராம். நன்றாகத்தான் பேசினார். கேட்கக் கேட்க எனக்கே அப்படித்தானோ என்று வந்தது.

நான் எழுந்து, "இது மூஞ்சூறுங்க. மேகம் வாங்கப் போனது. அவ்வளவுதான்" என்றேன். தன்னடக்கம் என்று கைதட்டினார்கள்.

ஆட்டுக்கல்லைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று கடைசிவரை இருந்தேன்.

மே 6

பள்ளிக்கூடம் விட்டபின் காளியாயி அக்கா வந்து வாசலில் நின்றார். மேல்பிரிவில் கொழுந்து எடுக்கிறவர். மகள் லோஜினி தரம் ஒன்பதில் படிக்கிறாள். மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க அக்கா."

"அந்த மூஞ்சூறு யாருங்க?"

"யாரும் இல்லைங்க. மூஞ்சூறுதான்."

"சரிங்க. மூஞ்சூறாவே இருக்கட்டும். ஆனா அது வாங்குன கூறுல ஒண்ணு எங்களுதுங்க."

சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. சந்தையில் 'அந்தப் பை என்னுது' என்று சொல்வதுபோல.

மூத்த மகன் தனுஷனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருக்கிறது. ஒரே லயக் காம்பிரா. நடுவில் சேலை கட்டித் தடுத்திருக்கிறார்கள். பிள்ளை அழுதால் இந்தப் பக்கம் லோஜினி படிக்க முடியாது. லோஜினி விளக்குப் போட்டால் அந்தப் பக்கம் பிள்ளை தூங்காது. காணி கிடைக்கும் என்று சொல்லி, கக்கூஸ் குழி எந்தப் பக்கம் வெட்டுவது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்களாம். அளக்கிற அன்றைக்குக் காணி முடிந்துபோய்விட்டது என்றார்களாம்.

எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா, நான் சும்மா எழுதினேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மே 18

இன்று நடந்ததை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

சாயந்தரம் தலைவரே வீட்டுக்கு வந்தார். தனியாக. காலருக்குப் பின்னால் குடை. நான் முதலில் மீசையைத்தான் பார்த்தேன், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. கன்னங்கரேல் என்று இருந்தது. ஜூட்சன் நாற்காலி போட்டார். நான் தேத்தண்ணி வைத்தேன்.

"டீச்சர், நான் படிச்சவன் இல்ல. ஆனா பாட்டு வெளங்கும்."

"தலைவரே, அது பிள்ளைகளுக்கு எழுதினதுங்க. அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"அர்த்தமில்லாமலா ஊரே சிரிக்குது?"

நல்ல கேள்வி. தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி பைப்பு யாரு கொண்டாந்தது? எத்தன நாளு ஒபீஸ் வாசல்ல நின்னேன் தெரியுமா?"

தெரியும். அது உண்மை. அதையும் சொன்னேன்.

"மீசை கெடக்குது, விடுங்க. வயசாகுது, பூசுறேன். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. ஆனா அது என்னங்க மூணு? மூணுன்னு சொன்னது யாரு? இருக்கிறதே ரெண்டுதான்!"

ஜூட்சன் பிஸ்கட் தட்டோடு நின்றுபோனார்.

தலைவரும் கேட்டுவிட்டார், தான் சொன்னதை. கோப்பையை எடுத்தார். குடித்தார். "டீத்தூளு நல்லாருக்கு" என்றார். எழுந்து வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, "டீச்சருக்கு இங்க நல்ல பேரு இருக்கு. அத வச்சிக்கிட்டா நல்லது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மே 19

ரெண்டுதான்.

மே 23

ஊர் பாட்டில் கேட்ட திருட்டு உண்மையிலேயே இருந்திருக்கிறது. நான் வைக்காத ஒன்று. புளும்பானின் வயிறு மாதிரி.

ஆனால் புளும்பானின் வயிற்றால் யாருக்கும் வீடு இல்லாமல் போகவில்லை.

ஜூன் 1

நேராக எழுதிப் பார்த்தேன். 'நரிக்கல் தோட்ட மேல்பிரிவில் காணித்துண்டுகள் இரண்டு...' என்று தொடங்கி அரைப் பக்கம். யாருக்கு அனுப்புவது? அனுப்பினால் அவர் இல்லை என்பார். அவர் சொன்னதைக் கேட்டது நானும் ஜூட்சனும் மட்டும்.

சங்கத்துப் போட்டோ கொப்பி வேலை இரண்டு வாரமாகக் கடைக்கு வரவில்லை.

ஜூன் 8

காளியாயி அக்காவின் லயத்துக்குப் போனேன். சேலைத் தடுப்பைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு, தலைவர் எங்கள் வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்கள் கேட்டால் நானும் ஜூட்சனும் வந்து சொல்கிறோம் என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. பயம்தான் வந்தது.

"வேணாங்க டீச்சர். தனுஷனுக்கு பெக்டரியில வேல போட்டுக் குடுத்ததே அவருதான். கேக்கப் போயி உள்ளதும் போயிரும். நீங்க இங்க வந்து சொன்னதா யாருக்கும் தெரிய வேணாம்."

"அப்ப காணி?"

"அவரா குடுத்தா நல்லது" என்றார். பிறகு, "அவரு எப்படிங்க குடுப்பாரு? குடுத்தா எடுத்தேன்னு ஆயிருமே."

வருகிற வழியெல்லாம் மூடுபனி. அந்தக் கடைசி வசனத்தையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு வந்தேன். குடுத்தா எடுத்தேன்னு ஆயிரும். ஆமாம். கொடுப்பதற்கு அவருக்கு வழியே இல்லை.

ஜூன் 20

கலைவிழா ஜூலை 5. பிரதம விருந்தினர் ஆண்டியப்பன் — எப்போதும் அவர்தான். பிள்ளைகள் என் பாட்டுக்களைச் சொல்வதாக பள்ளிக்கூட அதிபர் முன்னமே நிகழ்ச்சியில் போட்டுவிட்டார். மூஞ்சூற்றை எடுத்துவிடுங்கள் என்று இன்று சொன்னார். யோசிக்கிறேன் என்றேன்.

ஜூன் 24

ஒரு யோசனை. ஜூட்சனிடம் சொன்னேன். பாட்டில் இரண்டு இடத்தை மாற்றினால் போதும்.

அவர் கடை ஷட்டரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அன்னிக்குக் கேட்டது ரெண்டு பேரும். நீ சொன்னா நானும் சொன்னதாத்தான் அர்த்தம். சரி, செய். ஆனா பிள்ளைங்க வாயில வச்சிச் செய்யாத."

நான் அதை நினைக்கவே இல்லை. அட்டை மூக்கு மாட்டிப் பாட்டுச் சொல்லவிருந்த ஏழு பிள்ளைகளும் அதைச் சொல்வதாகத்தான் மனதில் படம் போட்டிருந்தேன். நல்ல படம் என்றுகூட நினைத்தேன். சீ.

ஜூன் 25

அந்தப் பாட்டை மட்டும் நானே சொல்வேன். அதிபரிடமும் அப்படித்தான் சொன்னேன், 'கொஞ்சம் மாத்திட்டேன் சேர்' என்று. நல்லதாப் போச்சு என்றார்.

ஜூலை 5

சேலைகூட மாற்றாமல் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக விழுகிறது, பரவாயில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மழை, ஈரக் குடை, பிள்ளைகளின் பவுடர் வாசம். ஆட்டுக்கல்லுக்கு நல்ல சிரிப்பு. புளும்பான் பாட்டுக்கு அதைவிட நல்ல சிரிப்பு. பிறகு நான் மைக்குக்குப் போனேன். தலைவர் மேடையில் மாலையோடு என் இடது பக்கம் இருந்தார்.

மீசைக்கு மைபோட்ட மூஞ்சூறு — ஜனங்களும் சேர்ந்து சொன்னார்கள், மனப்பாடம்.

மேகத்தில் வாங்கிச்சு ரெண்டு கூறு.

கீழே எல்லாரும் 'மூணு' என்றார்கள், நான் 'ரெண்டு' என்றேன். இரண்டும் மோதிக்கொண்டன. அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் தனியாக:

ஒரு கூறைப் பொரிச்சது
ஒரு கூறை விரிச்சது
மூணுன்னு சொன்னது யாரு, யாரு?

தகரத்தில் மழை மட்டும். பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: "அப்ப மூணு இல்லையா?" இன்னொரு குரல்: "ரெண்டாம்டி!" அப்போது வந்தது பாருங்கள் சிரிப்பு, மண்டபமே ஆடுகிற மாதிரி.

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

அடுத்து அவர் பேச்சு. கல்வியின் முக்கியம் பற்றிப் பேசினார். தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார். நன்றி சொல்லி முடிக்கப் போனவர் மைக்கை விடாமல் நின்றார்.

"டீச்சர் ஒரு மூஞ்சூறு பத்திச் சொன்னாங்க. மூஞ்சூறு பாவங்க. மேகத்த வாங்கி அது என்னா செய்யப்போவுது? வளையில வச்சா வளைதான் நனையும். அதுக்கும் புத்தி வரும். திருப்பிக் குடுத்துரும்."

கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டையும்" என்றார்.

கைதட்டு. அவரும் சிரித்துவிட்டார், வேறு வழியில்லாமலா, உண்மையாகவா, எனக்குத் தெரியவில்லை. காளியாயி அக்கா மட்டும் கன்னத்தில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

ஜூலை 6

தூக்கம் இல்லை. நேராகக் குற்றம் சொல்லியிருந்தால் அவர் 'பொய்' என்றுதான் சொல்லியிருக்க முடியும். மூஞ்சூறு என்றதும் மூஞ்சூறாகவே பதில் சொல்லிவிட்டார். என்னைவிட நன்றாகச் சொன்னார் — வளையில வச்சா வளைதான் நனையும். அந்த வரி என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா!

எடுத்தது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் நேற்று அந்த மண்டபத்தில் இரண்டு பேர் அர்த்தமில்லாததைப் பேசினோம். ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது.

ஜூலை 21

மேல்பிரிவில் மறுபடி அளந்தார்கள். 'அளவுல ஒரு தப்பு நடந்துபோச்சு' என்றாராம் தலைவர். ஒரு துண்டு காளியாயி அக்காவுக்கு. மற்றது கீழ் லயத்துச் சின்னராசாவின் குடும்பத்துக்கு. முளைக்கட்டை அடித்தபிறகு காளியாயி அக்கா அந்த மண்ணில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாராம், ஒரு பகல் பூராவும். லோஜினி வந்து சொன்னாள்.

ஜூலை 30

கலைவிழாவுக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. இன்று வந்தது: 'கத்தரிக்காய்க்குக் காய்ச்சல்.' அவ்வளவு சந்தோஷமாக ஜூட்சனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"யாரு அனோ, கத்தரிக்காய்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

உள்ளே போய் அழுதேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. இவரும் கேட்டால் நான் இனி யாரிடம் போவேன்? குற்றம் இவருடையதும் இல்லை. நான்தானே ஒரு தடவை அர்த்தம் வைத்துக் கொடுத்தேன். இனி என் கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்று யார் நம்புவார்கள்?

ஓகஸ்ட் 14

இடமாற்றம். கினிகத்தேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சேவையின் தேவை கருதியாம். விடுமுறை முடிந்ததும் அங்கே போக வேண்டும்.

பிரியந்தி டீச்சர் கொதிக்கிறார்: "அவருதான் மேல பேசியிருக்காரு. வேற யாரு?" இருக்கலாம். அவரே கேட்டாரா, அவரைக் குளிர்விக்க வேறு யாராவது செய்தார்களா, அதுவும் தெரியாது. காணி திரும்பிவிட்டது. அதை அவர் மறுபடி எடுக்கவில்லை. அந்த மட்டில் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். பதினொரு வருஷம்.

ஓகஸ்ட் 29

வகுப்பறையில் என் படங்களைக் கழற்றினேன். காளியாயி அக்கா ஒரு பை கரட் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒங்களுக்கு நட்டமாப் போச்சுங்களே" என்றார். இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆமாம் அக்கா என்றேன். கழற்றிய படங்களைச் சுருட்ட அவரும் கை கொடுத்தார். அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். தோண்டத் தோண்டக் கல் வருகிறதாம் என்றார்.

செப்டெம்பர் 3

முதல் பஸ். ஹட்டனில் மாறி, கினிகத்தேனையில் இறங்கினால் காதில் ஆள்கூட்டத்தின் சத்தம், சிங்களமும் தமிழும் கலந்து. இங்கே குளிர் குறைவு. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது. மூஞ்சூற்றைத் தெரியாது.

தரம் மூன்று. என்ன சொல்வது என்று தெரியாமல் பலகையில் வரைய ஆரம்பித்தேன். கை தானாகப் போனது. நீளக் கழுத்து, ஆறு கால், ஆறிலும் பாட்டாச் செருப்பு, மூக்குக்குப் பதில் தேத்தண்ணிக் கேத்தல் வாய். தும்புலிக்கான் என்று கீழே எழுதினேன். எழுதிவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பாமலே நின்றேன். இது யாரு டீச்சர் என்று யாராவது கேட்கப்போகிறார்கள் என்று பயந்து.

"டீச்சர், இது நீந்துமா?"

திரும்பினேன். இரண்டாவது வரிசை, ரெட்டைச் சடை. பெயர் அபிசாயினி என்று பிறகு தெரிந்தது.

"எனக்குத் தெரியலையே" என்றேன். "அதுகிட்டயே கேட்டுப் பாரேன்."

எழுந்து வந்தாள். நுனிக்காலில் நின்று பலகையில் காதை வைத்தாள். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. நானும்தான்.

"நீந்தாதாம் டீச்சர்" என்றாள், கன்னமெல்லாம் சோக்குத்தூள். "செருப்பு நனைஞ்சிருமாம்."